மோட்டார் கொட்டகையில் குடித்தனம்

கல்யாணமாகித் தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு வந்தேன். அங்கே எங்கள் வீட்டில் கரண்டு இல்லை, கிணற்றடியில் இருந்தது. விவசாய பம்ப்செட்டுக்குத்தான் முதலில் இணைப்பு என்பது அப்போது அரசாங்க ஏற்பாடு. ஊருக்குள் கம்பம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நான் தாம்பரத்தில் டீச்சர். வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் ஒரு பல்பு உண்டு. பரீட்சைப் பேப்பர் திருத்த ஒரு சாயங்காலம் அங்கே போனேன். துணைக்கு வந்த மாமியாருக்குச் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. முறம் வந்தது, பிறகு அம்மி, அடுப்பு. சோற்றை வீட்டுக்குச் சுமப்பானேன் என்று மாமனாரையும் வரச் சொன்னார். அவர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார். மோட்டார் சத்தத்தில் கத்திப் பேசிப் பேசி அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. "உங்க கிளாஸ்ல யாருக்கும் காது கேக்காதா?" என்று தலைமையாசிரியை விசாரித்தார்.

ஒருநாள் மின்சார அதிகாரி ஒருவர் லைன்மேனோடு வந்து நின்றார். மாமியார் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஸ்டார்ட்டர் பெட்டிமேல் அவர் பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது, மோட்டார் ரூமா, வீடா?"

"ரூம்தான் சார். வூடு இருட்டா கீது, அதான் இங்க குந்திகினு கீறோம்."

"விவசாயத்துக்குக் குடுத்த கரண்டும்மா."

"விவசாயம் பண்றவரு இவருதான். அவருக்குத்தான் சோறு ஆக்கறேன். அதுவும் கூடாதா?"

லைன்மேன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி வேண்டாம் வேண்டாம் என்றபடியே தோசை சாப்பிட்டார். கை கழுவியதும், "நாளைக்கே காலி பண்ணணும். இல்லன்னா இணைப்பை வெட்டிடுவேன்" என்றார்.

காலி செய்தோம். ஆனால் மாமியாருக்கு மனசு ஆறவில்லை. தெருப் பெண்களைத் திரட்டி, ஆளுக்கொரு அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் மின்சார ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் போனேன். என்னிடம் படித்த பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முக்காடு போட்டுக்கொண்டேன்.

"காலி பண்ணிட்டோம் சார். வூட்டுக்கு எப்போ?" என்று கேட்டார் மாமியார்.

அந்த அதிகாரி விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல அதையெல்லாம் அணைங்கம்மா, எழுதி அனுப்பறேன்" என்றார். அனுப்பவும் செய்தார். அடுத்த பொங்கலுக்குள் தெருவில் கம்பம் நட்டார்கள்.

பல்பு எரிந்த அன்று சமையலறைச் சுவரை மாமியார் வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருஷக் கரியும் பளிச்சென்று தெரிந்தது.

"நாளைக்கு லீவு சொல்லிடு, சுண்ணாம்பு அடிக்கணும்" என்றார் என்னிடம்.