பணி ஒழிவு

எருத்தேன்பதிக்குக் கிழக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம், கடலை எண்ணெய் ஆலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. முதலாளி கோயமுத்தூர்க்காரர். எங்கள் மேல் பாசம் பொங்கி அவர் வரவில்லை. அங்கே வெள்ளைக்காரச் சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும். எங்கள் கொச்சிச் சீமையிலோ, ஆலை வைத்தால் சில வருஷங்களுக்கு வரியே வேண்டாம் என்றிருந்தார்கள்.

அவர் எதற்கு வந்தால் எனக்கென்ன? என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பஞ்சு மில்லில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். இந்த ஆலையில் வேலை கிடைத்தால் ஊரோடு வந்துவிடுவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

கூரை வேய்ந்து முடித்த வாரம் தண்டோராக்காரர் வந்தார். தாலுகா கச்சேரியில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே கூவினார்.

"ஆலைக்குக் கரம் ஒழிவு! ஆளுக்குப் பணி ஒழிவு!"

கரம் ஒழிவு எங்களுக்குப் பழகிய சொல். மழை பொய்த்த வருஷத்தில் நிலவரியைத் தள்ளுபடி செய்தால் அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் பணி ஒழிவு? வேலையும் தள்ளுபடி! எல்லாவற்றையும் மிஷினே செய்துகொள்ளும், ஆள் தேவையில்லை. எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டோம் பாருங்கள். ஊரில் ஒருவர்கூட ஆலைப் பக்கம் போகவில்லை. நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்ற மிதப்பில், 'இங்கே வேலை இல்லை, அங்கேயே நிலைக்கப் பாருங்கள்' என்று அவருக்குக் கடிதமும் போட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து முதலாளியே எங்கள் தெருவுக்கு வந்து என் வாசலில் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, வேலை குடுக்கறேன்னு தண்டோராப் போட்டும் ஒருத்தருங்கூட எட்டிப் பாக்கலீங்களே?"

"வேலை ஒழிஞ்சு போச்சுன்னுதானுங்களே போட்டாங்க?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மலையாளத்துல ஒழிவுன்னா எடம் காலியா இருக்குதுன்னும் அர்த்தமுங்க! வேலைக்காரங்கள்ல பாதிப்பேரு இந்தச் சீமைல குடியிருக்கோணும். இல்லீன்னா வரிச் சலுகையத் திருப்பி வாங்கிக்குவாங்க. நாளன்னிக்குத் தாசில்தார் ஆள் எண்ண வர்றாரு. ஆள் பத்தலீன்னா நான் பூட்டீட்டுப் போயிருவனுங்க."

தெருவே ஆலைக்கு ஓடியது. நான் என் பெயரைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை கோயமுத்தூர் போகும் கடலை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மில் சங்கு ஊதி, தலையெல்லாம் பஞ்சாக அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஊட்டுல யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. பணி ஒழிவு."

"அதான் எழுதியிருந்தியே."

"நான் எழுதுனது தப்புங்க. ஒழிவுன்னா இருக்குதுன்னு அர்த்தமாமுங்க."

என் கடிதத்தை நம்பி மேஸ்திரி வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகவும், அடுத்த வாரம் சேர வேண்டும் என்றும் சொன்னார்.

"அங்க என்ன வேலை?"

"மூட்டை தூக்கறதுதானுங்க."

மறுபடி மில்லுக்குள் போனார். அப்படியே நின்றேன். திரும்பி வரும்போது அவர் கையில் துணி மூட்டை இருந்தது.

"நாலெழுத்துப் படிச்சவளக் கட்டுனா இப்பிடித்தான்" என்றார், சிரிக்காமல்.

அடுத்த நாள் ஆலை முற்றத்தில் ஆண்கள் ஒரு வரிசை, கடலை புடைக்கும் பெண்கள் ஒரு வரிசை. தாசில்தார் ஒவ்வொருவரையும் "வீடு எவிடெ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரும் தெருவைச் சொன்னார்கள், கிணற்றைச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பெண்கள் வரிசையைக் காட்டினார்.

"அதா, மொறத்தப் புடிச்சுட்டு நிக்குதுங்களே."

முற்றமே சிரித்தது. தாசில்தாரும் சிரித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொண்டார். நான் கோபம் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.