எங்கள் தெருவில் இல்லாத குழாய்

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தேன். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது. விடிந்ததும் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி அடுத்த தெருக் குழாயடிக்குப் போவோம். கேட் சாத்தியிருந்தால் கூட்ஸ் வண்டி போகிறவரை நின்று கதை பேசுவோம். மாமியார் பார்வையில் படாத அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் முதல் ஆளாகக் கிளம்புவேன். அப்படி வாய்விட்டுச் சிரித்த காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஒருநாள் வார்டு ஆபீசிலிருந்து புதுக் குமாஸ்தா ஒருவர் நோட்டோடு வந்து, "ரிப்பேர் பண்ண கொழாயில தண்ணி ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். எங்கள் தெருவில் எப்போதோ குழாய் போட்டு, போன மாதம் அதைப் பழுதும் பார்த்ததாக நோட்டில் இருந்தது. பாவம், அந்த மனுஷர் முழித்தார். நாங்கள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம். "நம்ம கொழாவுக்கு மறுபடியும் ஒடம்பு சரியில்லியாமே" என்பாள் ஒருத்தி.

சிரிக்காதவள் எதிர்வீட்டு அக்காதான். ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்தியவள். இல்லாத குழாய்க்குக் கணக்கெழுதியதைக் கேட்டு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு வீட்டுப் பையனுக்கு வேலைக்குச் சொல்லியிருந்தார். இன்னொரு வீட்டுக் கிழவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். "எவன் வந்தாலும் துன்னத்தான் போறான். நமக்கு எதுக்கு பேஜாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீ படிச்ச பொண்ணு, நீயாவது போடும்மா" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"அவரைக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றேன். கேட்கவில்லை. அவளும் மறுபடி வரவில்லை. தன் கையெழுத்தை மட்டும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

சில மாதம் கழித்து ஆட்கள் வந்து, தெருமுனையில் சிமெண்டு பூசி ஒரு குழாயை நட்டுவிட்டுப் போனார்கள். பள்ளமும் தோண்டவில்லை, பைப்பும் போடவில்லை. மறுநாள் மனுவை விசாரிக்கப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார், கூடவே கவுன்சிலரும். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அக்கா தன் குடத்தைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள்.

"தொறந்து பாருங்க சார்."

அதிகாரி திறந்தார். காற்றுகூட வரவில்லை. கவுன்சிலரை ஏறிட்டுப் பார்க்காமல் எதையோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மழைக்காலத்துக்கு முன்பே தெருவைத் தோண்டிப் பைப் போட்டார்கள். தண்ணீர் வந்த முதல் நாள் எல்லோரும் முண்டியடித்தோம். அக்கா கடைசியில் நின்றாள். யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. என் முறை வந்ததும் குடத்தை வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

"எங்க மேல கோவமாக்கா?"

"கோவிச்சிகினு இன்னா பண்றது? போய் கொடத்தப் பாரு, வழிஞ்சிகினு கீது."

அடுத்த தேர்தலிலும் அந்தக் கவுன்சிலரே ஜெயித்தார். வாசலில் வந்து, குழாய் போட்டுத் தந்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்டார். நானும் அவருக்குத்தான் போட்டேன்.