நர்மதா மேடத்தின் வாய்மொழி எச்சரிக்கை

“கொஞ்சம் நவுரும்மா, நானும் படிக்கணும்ல” என்று சொல்லி, கடைசி பெஞ்சில் இரண்டு மாணவிகளுக்கு நடுவே நர்மதா உட்கார்ந்துகொள்கிறார். மடியில் நீள நோட்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பேனா ஓட ஆரம்பிக்கிறது. ‘10.12: ஆசிரியர் வந்தார். 10.14 முதல் 10.31 வரை கரும்பலகையைப் பார்த்துப் பேசினார். மாணவர்கள் கேட்ட கேள்வி: ஒன்றுமில்லை.’ பக்கத்து மாணவி எட்டிப் பார்த்தால் மறைப்பதில்லை. “உனக்கு ஒண்ணும் தோணலியா? நீயும் கேளு” என்பார்.

திருவொற்றியூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் துறைத்தலைவர் அவர். புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அது முடியும்போது ஆளை நிலைநிறுத்துவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று நிர்வாகம் முடிவு செய்யும். நிர்வாகம் பார்ப்பது கோப்பைத்தான். கோப்பை எழுதும் கை நர்மதாவின் கை. பின்னே, புது ஆசிரியர்கள் இவரைக் கண்டால் ஏன் படிக்கட்டு மாறி இறங்க மாட்டார்கள்!

எழுத்தில் அவர் மகா கறார். நாளும் நேரமும் நடந்ததும் மட்டும்தான் இருக்க வேண்டும். துணைப் பேராசிரியர் அஜீசா ஒருமுறை யாரைப் பற்றியோ ‘அணுகுமுறை சரியில்லை’ என்று எழுதிக் கொண்டுவந்தார். “அணுகுமுறையா? அது எங்கம்மா கீது? மேஜ மேலயா, அடிலயா? கண்ணால பாத்தத எயுது” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அஜீசா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார், ஏனென்றால் நர்மதாவின் டிபன் பாக்ஸில் வஞ்சிரம் இருந்தது.

வகுப்பில் பாடம் நடத்தும்போது தமிழும் ஆங்கிலமும் இஸ்திரி போட்ட மாதிரி வரும். வாசற்படியைத் தாண்டினால் ராயபுரம்! அப்பா விசைப்படகு ஓட்டியவர். “எங்க நைனா போட் ஓட்னவரு. நான் கோட் மாட்டிகினா பேசணும்?” என்று முதல்வரிடமே கேட்டவர் நர்மதா. அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, வீம்பும் இல்லை.

துறைத்தலைவராகி ஏழு வருடத்தில் மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவரான தேசப்பன் இப்போது சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் பார்க்கிறார். பஸ்ஸில் போகும்போது நர்மதா கையாட்டுவார், தேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுமுறையும் நர்மதா கையாட்டுவார். ஆனால் மூவரில் ஒருவர்கூட, ‘நான் அப்படிச் செய்யவில்லை’ என்று சொன்னதில்லை. அது ஒன்றில்தான் நர்மதாவுக்குப் பெருமை.

போன வியாழக்கிழமை அபினின் முறை. மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், வயது இருபத்தேழு. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் மாமா வீட்டு மாடியில் தங்கியிருக்கிறான். வேலை போனால் கடையில் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் காத்திருந்தது. மாமா அதை வாரம் ஒருமுறை சொல்லிக் காட்டிக்கொண்டும் இருந்தார். வணிகச் சட்டத்தில் அபினுக்கு நல்ல அறிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்புக்குத் தாமதம், விடைத்தாள் திருப்பித் தருவதில் தாமதம், முகம் எப்போதும் கரும்பலகைப் பக்கம். கல்லூரி விதிப்படி மூன்று முறை வாய்மொழியாக எச்சரித்தும் மாறாதவரை அனுப்பலாம். மூன்று எச்சரிக்கையும் கோப்பில் இருந்தன. நான்கு மணிக்குக் கோப்பு முதல்வர் ஜெகதீசனின் மேசைக்குப் போக வேண்டும்.

எழுதியதை முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டாமல் நர்மதா எதையும் அனுப்ப மாட்டார். மூன்று மணிக்கு அபினை எதிரில் உட்காரவைத்து வாசித்தார். “ஆகஸ்ட் பன்னிரண்டு. பன்னிரண்டு நிமிடம் தாமதம். வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டது.”

அபின் நிமிர்ந்தான். “எச்சரிக்கையா? அன்னைக்கு நீங்க என்னைப் பாராட்டுனியள்லா மேடம்?”

பக்கத்து மேசையில் இருந்த அஜீசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நர்மதாவும் சிரித்துவிட்டார். “நான் இன்னா சொன்னேன் நைனா அன்னிக்கு?”

“‘சோக்கா கீது நைனா, இன்னும் கொஞ்சம் கயிச்சே வந்துருக்கலாம்’னு சொன்னிய. சோக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியல்ல. மாமாட்ட கேட்டேன். நல்லா இருக்குன்னு அர்த்தம்னாவ. அம்மைக்கு போன் போட்டுச் சொன்னேன் மேடம், துறைத்தலைவர் என்னைப் பாராட்டுனாவன்னு.”

நர்மதாவின் சிரிப்பு நின்றது. ராயபுரத்தில் ஒருத்தி புகழ ஆரம்பித்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிட வேண்டும் என்பது அங்கே பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். மார்த்தாண்டத்தில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

“இதக் கேளு” என்று அடுத்ததை வாசித்தார். “செப்டம்பர் நான்கு. கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறார். வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டது.”

“போர்டுக்கு சூப்பரா பாடம் நடத்துறே, அதுக்கு டிகிரியே குடுத்துடலாம்னு சொன்னிய. எனக்கு போர்டு வேலை நல்லா வருதுன்னுல்லா நெனச்சேன்.”

நர்மதா நோட்டைப் புரட்டினார். மறுநாள் குறிப்பு அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘செப்டம்பர் ஐந்து. கரும்பலகையில் இருமடங்கு எழுதினார். நான்கு வண்ணச் சுண்ணக்கட்டி.’ அன்றைக்கு அதை எழுதும்போது மனதுக்குள், ‘எவ்ளோ திமிரு பாரு’ என்று திட்டியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நல்லவேளை, திட்டை எழுதவில்லை. எழுதியதெல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் இந்தப் பையன் சொல்வதோடு பொருந்தியது!

மூன்றாவதை வாசிக்கவே தேவையில்லை. விடைத்தாள் விஷயத்தில், “ஆற அமர குட்துக்கோ நைனா, பசங்க இன்னா ஓடியா பூடும்” என்று தான் சொன்னது அவர் காதிலேயே ஒலித்தது. அபின் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தான். ஒரு பிள்ளையின் வேலையைத் தன் வாய்க்கொழுப்பு தின்னப் பார்த்திருக்கிறதே என்று நர்மதாவுக்கு அவமானமாக இருந்தது.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்து மூன்று இடத்திலும் ‘எச்சரிக்கப்பட்டது’ என்பதை அடித்தார். மேலே, ‘துறைத்தலைவர் கேலி செய்தார், ஆசிரியருக்கு அது எச்சரிக்கை என்று புரியவில்லை’ என்று எழுதினார். பிறகு முதல்வருக்கு போன் போட்டார்.

“சார், அபின் ஃபைலு. அனுப்பச் சொல்லி எயுதல. ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லி எயுதிகீறேன். தப்பு என்னுது.”

மறுமுனையில் ஜெகதீசன் ஏதோ பதறினார். கமிட்டியில் கேள்வி வரும், உங்கள் பெயர்தான் கெடும் என்பது அஜீசாவுக்கே கேட்டது.

“கேக்கட்டும் சார். நானே வந்து சொல்றேன்” என்று நர்மதா போனை வைத்தார்.

அப்புறம் நாற்காலியை அபின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அறைக்குள் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில், வகுப்புத் தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“அபின், நீங்கள் வகுப்புக்குத் தாமதமாக வருகிறீர்கள். அது தவறு. நீங்கள் காரணம் சொல்லும் கன்டெய்னர் லாரி எனக்கும்தான் வழி மறிக்கிறது. தேர்வு முடிந்த இரண்டு வாரத்தில் விடைத்தாள் மாணவர் கைக்குப் போக வேண்டும். பாடத்தை மாணவர் முகத்தைப் பார்த்து நடத்த வேண்டும். இது எச்சரிக்கை. ஆறு மாதத்தில் மாறவில்லை என்றால் நானே உங்களை அனுப்பிவிடுவேன்.”

“மனசிலாச்சு மேடம்” என்றான் அபின். கண் கலங்கியிருந்தாலும் குரல் தெளிவாக வந்தது.

கோப்பின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. இடப்பக்கம் ‘குறையைக் கண்டவர்’, வலப்பக்கம் ‘குறைக்கு உரியவர்’. அபின் வலப்பக்கத்தில் போடக் குனிந்தான். நர்மதா கோப்பைத் தன் பக்கம் இழுத்து, வலப்பக்கக் கட்டத்தில் நிதானமாகத் தன் முழுப்பெயரை எழுதினார். பிறகு இடப்பக்கக் கட்டத்தில் விரலை வைத்து, பேனாவை அவன் கையில் கொடுத்தார்.

“கண்டுபிட்சவன் நீதான நைனா. போடு கையெயுத்து.”