சர்ட்டிபிகேட்படி பிறந்தவர்கள்

“இன்னாப்பா பூபாலா, நல்லா கீறியா? இன்னிக்கு உனுக்குப் பொறந்த நாளு. சர்ட்டிபிகேட்படி.”

மறுமுனையில் சிரிப்பு கேட்கும்வரை ஜெகதீசன் அடுத்த வார்த்தை பேசமாட்டார். சிரித்துவிட்டால் நோட்டில் ஒரு டிக். வேலையோ வீடோ மாறியிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி. பேனாவைத் தொடமாட்டார். “அயனம்பாக்கத்துல ஃப்ளாட் வாங்குனேன்னு சொன்னவன் அடுத்த வருசம் பூந்தமல்லில வாடகைக்குக் கீறான். பேனாவ நம்பி இன்னா பண்றது?”

ஆவடிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொருளாதாரத் துறையில் அவர் அலுவலக உதவியாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே ஜன்னல். படித்துப் போனவர்களோடு தொடர்பு வைத்துக்கொள் என்று யாரும் அவருக்கு ஆணை போடவில்லை. பழைய விண்ணப்பங்களை அடுக்கும்போது ஒரு பிறந்த தேதி கண்ணில் பட்டது. சும்மா கூப்பிட்டு வாழ்த்தினார். அந்தப் பையன், “சார், அது ஸ்கூல்ல போட்ட தேதி. நான் பொறந்தது ஆடி மாசம்னு எங்கம்மா சொல்வாங்க” என்றான். ஜெகதீசன் விட்டுக்கொடுக்கவில்லை. “உங்கம்மா ரெக்கார்ட அவங்க பாத்துக்கட்டும். எங்க ரெக்கார்டுல நீ இன்னிக்குத்தான் பொறந்த.”

அன்று பிடித்த பழக்கம் விடவில்லை. உண்மையான பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல அவரவருக்கு வீட்டில் ஆள் உண்டு. தலைமையாசிரியர் பெற்றெடுத்த பிறந்தநாளுக்கு உலகத்தில் ஜெகதீசன் ஒருவர்தான். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக ஜூன் ஒன்றாம் தேதி பிறக்கவைக்கப்பட்டவர்கள் மட்டும் அவர் நோட்டில் நாற்பத்தொரு பேர். அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவருவார்.

அந்த நாற்பத்தொருவரில் நிவேதிதா என்று ஒருத்தி. வருகைப்பதிவு குறைந்ததென்று ஒரு செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் போனவள். அதைத் தெரிவித்த கடிதத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ. நீட்டிய கை ஜெகதீசனுடையது. படித்து முடித்துப் போய்ப் பதினோரு வருடமாகிறது; ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் இரண்டாவது மணியில் துண்டித்துவிடுகிறாள். அவள் பெயருக்கு எதிரிலும் தவறாமல் டிக்தான் விழுகிறது. “ரெண்டு ரிங்குல கட் பண்றான்னா நம்பர் மாத்தலன்னு அர்த்தம். நல்லாத்தான் கீறா.”

இந்த வருடம் வினை வேறு உருவத்தில் வந்தது. சேர்க்கை குறைந்துவிட்டது, முன்னாள் மாணவர் முப்பது பேரையாவது ஆய்வுக் குழுவின் முன் காட்டாவிட்டால் எம்.ஏ. வகுப்பை மூடிவிடுவோம் என்றது நிர்வாகம். புதிதாக வந்திருந்த துறைத்தலைவர் லாவண்யா நானூறு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வந்தது ஆறு. அதிலும் நான்கு, ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்று கணினியே போட்டுக்கொண்டவை. வகுப்பு போனால் ஜெகதீசனைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மனிதர்களுக்குப் பெயரே கிடையாது, பதிவெண்தான்.

“மேடம், கமிட்டிய ஜூன் ஒண்ணாந்தேதி வரச் சொல்லுங்க. நாப்பத்தோரு பேருக்குப் பொறந்த நாளு. கேக்கு வெட்றோம்னு நான் சொல்லிக்கிறேன்.”

லாவண்யா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேறு வழி தெரியாததால் தலையாட்டினார். ஜெகதீசன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எடுக்காத நிவேதிதாவுக்கு மட்டும் குறுஞ்செய்தி: ‘ஜூன் 1, பத்து மணி. கேக்கு கீது. வா.’

வந்தார்கள். பூபாலன் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மகளோடு வந்தான். செம்பரம்பாக்கம் கிடங்கிலிருந்து முகமது ஆசிக் கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தான். “அண்ணாத்தே, ஒரு வருசத்துல எத்தினி வாட்டி பொறப்பேன்னு ஊட்ல கேக்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே வருகை நோட்டில் கையெழுத்துப் போட்டான். கேக்கில் அத்தனை பெயருக்கு இடமில்லாததால் ‘சர்ட்டிபிகேட்படி’ என்று மட்டும் எழுதியிருந்தது. குழுவின் தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

பதினொன்றரை மணிக்கு எண்ணினால் இருபத்தொன்பது. சிலருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, சிலர் வெளிநாட்டில். குழுவின் தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். லாவண்யா ஜெகதீசனை ஓரமாக அழைத்தார்.

“சார், நீங்களும் இங்க சாயங்கால வகுப்புல எம்.ஏ. படிச்சவர்தானே? ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன்.”

“ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இன்னும் பாக்கி கீது மேடம். பாஸாவாதவன் எப்டிப் பழைய ஸ்டூடன்ட் ஆவான்? நான் இன்னும் ஸ்டூடன்ட்தான்.”

சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த சுக்குக் காபியை ஊற்றிக்கொண்டார். அன்றைய வாழ்த்தில் நாற்பது டிக் விழுந்திருந்தது, ஒன்றுதான் மிச்சம். அவர் கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார்.

முதல் மணி அவர் காதில் கேட்டது, மாடிப்படியிலும் கேட்டது. இரண்டாவது மணி இன்னும் பக்கத்தில் கேட்டது. பிறகு வழக்கம்போலத் துண்டிப்பு.

ஜெகதீசன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கையெழுத்து நோட்டை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.