பெட்டி எஞ்சினும் ஏழு பலாப்பழமும்

எனக்கு நீச்சல் தெரியாது. படகுகளைப் பற்றி ஆறு புத்தகம் படித்திருக்கிறேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மலையில், வளப்பூர் நாடு என்கிற இந்த ஊர்க்கூட்டத்தில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதற்கு முன் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஏரி இருக்கிறது. பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். என்ன கத்தினோம் என்பது மட்டும் போய்ச் சேராது. ரோடு, பஸ், டீக்கடை எல்லாம் எங்கள் கரையோடு சரி. எதிர்க்கரையில் ஓர் அக்காவின் பலாத்தோப்பு. என்னைவிட வயதில் இளையவர்தான். ஊரே அக்கா என்கிறது, நானும் சேர்ந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு பலா முற்றுகிற நேரத்தில் பெய்த மழையில், ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் இருந்த சின்னப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஓடையில் இறங்கி ஏறி, ஒரு மணி நேரம் நடந்தால் ஆள் வந்து சேரலாம். தலையில் பலாப்பழத்தோடு வருவதற்குத் தனிக் கழுத்து வேண்டும். அக்காவின் தோப்பில் நூற்றைம்பது பழம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வியாபாரியின் லாரி எங்கள் கரைக்கு வரும். அதில் ஏறினால் அவருடைய ஒரு வருட உழைப்புக்குப் பலன். ஏறாவிட்டால் ஈக்களுக்கு விருந்து. சுமை தூக்க நாலு ஆட்களை அவர் பேசி வைத்திருந்தார். அவர்களை வேண்டாமென்று சொல்ல வைத்தவன் நான்.

"படகுல எஞ்சின் மாட்டிக்கிட்டிருக்கேன் அக்கா. வியாழக்கிழமை மொத்தப் பழத்தையும் இந்தப் பக்கம் கொண்டாந்துரலாம்" என்றேன்.

"உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுங்களா?"

"படிச்சிருக்கேன்."

"அப்பறமென்ன, ஓடிரும்" என்றார். அதில் இருந்த கேலி எனக்கு வெள்ளிக்கிழமைதான் உறைத்தது.

எஞ்சின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபைபர் படகு ஒன்றை முந்தைய ஆண்டே வாங்கி, லாரியில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன். வழியெல்லாம் குரங்குகள் எழுந்து நின்று பார்த்தன. துடுப்புப் போட்டதில் முதல் நாளே எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அறிவாளிக்குத் தோள் பிடித்தால் எந்திரத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவான். அடிவாரத்து ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். யாரோ தன் சின்னக் காருக்காகப் புது எஞ்சின் ஆர்டர் கொடுத்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் காரையே விற்றுவிட்டாராம். மரப்பெட்டிக்குள் கியர்பாக்ஸ், ரேடியேட்டரோடு முழு எஞ்சினும் பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் உட்கார்ந்திருந்தது.

"எந்த வண்டிக்குங்க?" என்றார் பாய்.

"படகுக்கு."

பாய் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "நம்ம கடையில வித்த எஞ்சின் தண்ணிக்குள்ள போயிருக்குதுங்க, இல்லேங்கல. எல்லாம் வெள்ளத்துல போனது. தெரிஞ்சே அனுப்பற மொத ஆளு நீங்கதான்."

பொருத்துவதற்குப் பக்கத்துத் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு ஜீப் மெக்கானிக் வந்தார். கைதேர்ந்த ஆள். அவருடைய உலகத்தில் திசைகள் இரண்டு: ஏற்றம், இறக்கம். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு வகுப்பெடுத்தேன். கார் எஞ்சின் ஏற்றத்தில் உழைக்கும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். படகில் அந்த ஓய்வே கிடையாது, எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.

"அதாவது அடிவாரத்துக் காரவள்ளியில ஏற ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே இருக்கறாப்புல. எறக்கமே வராது."

"அதேதான்."

"பாவமுங்க எஞ்சினு" என்று அதன் மூடியைத் தடவிக் கொடுத்தார்.

எதிர்க்காற்று அடிக்காத இடத்தில் ரேடியேட்டருக்கு வேலையில்லை என்று சொல்லி அதைக் கழற்றச் சொன்னேன். ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, வெளியே துப்பும்படி செய்தோம். கார் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் சக்கரங்களுக்குப் பதில் நீளமான ஒரு தண்டும், தண்டின் முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறியும். எஞ்சின் அதிராமல் இருக்க அடியில் ரப்பர் கட்டைகள். எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக் ஒரு ஹாரனும் மாட்டினார்.

"ஏரியில ஹாரன் எதுக்கு?"

"கொண்டை ஊசி வளவுல எதிர வண்டி வந்தா?"

"ஏரியில வளவு ஏதுங்க?"

"பழக்கமுங்க" என்று அடித்துப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை. அக்கா சுற்றுப்பாதையில் நடந்து எங்கள் கரைக்கு வந்திருந்தார். ஓடையில் நனைந்த புடவையைப் பிழிந்தபடி, "பழமெல்லாம் அறுத்துக் கரையில அடுக்கியாச்சுங்க" என்றார். அறுக்காத பழத்துக்காவது ஒரு நாள் தவணை உண்டு.

முதலில் படகை ஒரு மரத்தில் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது புத்தக விதி. கட்டினோம். மெக்கானிக் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அருமையாகப் பிடித்தது. டீக்கடையே காலியாகிக் கரைக்கு வந்தது. கியர் போட்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தார். விசிறி சுழன்றது, தண்ணீர் நுரைத்தது. படகு கட்டிய இடத்திலேயே நின்றது. எஞ்சின் மட்டும் முன்னால் நகர்ந்தது.

நான் முதலில் நம்பவில்லை. ரப்பர் கட்டைகள் சாய்ந்து இழுபட, எஞ்சின் அங்குலம் அங்குலமாக என் முழங்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அணைத்துவிட்டார்.

எனக்கு மெல்லத்தான் புரிந்தது. காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றிவிடுவதோடு சரி. வண்டியைத் தள்ளுவது சக்கரத்தின் பாடு. படகில் விசிறிதான் தள்ளுகிறது. அந்தத் தள்ளு முழுவதும் தண்டு வழியாக வந்து எஞ்சினின் முதுகில் விழும். அதைத் தாங்கத் தண்டிலேயே தனியாக ஒரு பேரிங் வேண்டும். புத்தகத்தில் அதற்கு முழு அத்தியாயமே இருந்தது. படம் இல்லாததால் தாண்டிப் போயிருக்கிறேன்.

"பேரிங்குக்குச் சேலம் போகணும். ரெண்டு நாளாவது ஆகும்" என்றேன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா மெக்கானிக்கிடம் கேட்டார்: "சாமி, லோடு ஜீப்பு வளவுல நின்னு பின்னால உருண்டா என்ன பண்ணுவ?"

"எறங்கிக் கட்டை போடுவங்க."

"இது முன்னால உருளுது. முன்னால போடு."

மலை ஏறும் எந்த வண்டியிலும் சீட்டுக்கடியில் ஒரு சக்கரக் கட்டை இருக்கும். மெக்கானிக் தன் ஜீப்பிலிருந்து இரண்டைக் கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் எஞ்சினுக்கு முன்னால், படகின் சட்டத்தோடு இறுக்கி அடித்தாகிவிட்டது. மறுபடி கியர் போட்டபோது கயிறு விறைத்தது, மரம் ஆடியது. அக்காவையும் ஏற்றிக்கொண்டு அவிழ்த்துவிட்டோம். படகு ஓடியது. ஹாரன் அடித்துக்கொண்டே ஓடியது.

எதிர்க்கரை போய்ச் சேர்ந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். தோப்பு ஆட்கள் பழம் ஏற்ற ஆரம்பித்தார்கள். நாலாவது பழத்துக்குப் படகு முனகியது. ஏழாவதில் தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்துவிட்டது. எட்டாவதை யாரும் கையில் எடுக்கவில்லை. ஏழு பழத்தோடு எங்கள் கரைக்குத் திரும்பினோம். அக்கா இறங்கி, எஞ்சின், கியர்பாக்ஸ், இரும்புச் சட்டம், பேட்டரி, பெட்ரோல் டேங்க், மெக்கானிக், நான் என்று வரிசையாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, இந்த எஞ்சினை எறக்கிட்டா எத்தனை பழம் ஏறும்?"

"அக்கா, எஞ்சினை எறக்கிட்டா அப்புறம் படகை எது இழுக்கும்?"

"எஞ்சினுதான். கரையில நின்னு இழுக்கட்டுமே."

மெக்கானிக்குக் கண் மின்னியது. இத்தனை நாளும் நான் சொன்ன எதற்கும் அவருக்கு அப்படி மின்னியதில்லை. டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எட்டுப் பேர் பிடித்து எஞ்சினைச் சட்டத்தோடு இறக்கி, வேங்கை மரத்தடியில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். தண்டு இருந்த இடத்தில் ஒரு ஜீப் சக்கரத்தின் ரிம். அதில் லாரிக் கயிறுகளை முடிச்சுப் போட்டு நீட்டிச் சுற்றி, மறுமுனையைப் படகில் கட்டினோம். முதல் கியர். எஞ்சின் சூடாகாமலிருக்கத் தண்ணீர் வாளியில் மொண்டு ஊற்றப்பட்டது. காலிப் படகை எதிர்க்கரை ஆட்கள் இன்னொரு கயிற்றால் கையாலேயே இழுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

படகைத் திசை பிசகாமல் நடத்த ஒரு தலைவன் வேண்டும் என்று சொல்லி, அக்காவையும் அந்தக் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு, துடுப்புப் போட்டு நானும் போனேன். எதிர்க்கரையில் பழங்கள் இருபதைத் தாண்டி அடுக்கப்பட்டன. அக்கா படகைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நீங்க எறங்கிட்டா இன்னும் நாலு ஏறுமுங்க."

இறங்கினேன். இத்தனைக்கும் நான் அப்போது துடுப்பைக் கையில் பிடித்திருந்தேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு சின்னப் பழம்.

மூன்று நடை வரை பழம் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓடையில் இறங்கி ஏறிச் சுற்றி நடந்தேன். வழியெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் படகு கரை தட்டியதும் மெக்கானிக் ஹாரன் அடித்தார். நான் எங்கள் கரைக்கு வந்தபோது கடைசி நடையும் முடிந்து, நூற்றைம்பது பழமும் ரோட்டோரம் அடுக்கியிருந்தது. இன்னும் வெயில் இருந்தது. கடைசி நடையோடு வந்திருந்த அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார். "லாரிக்காரன் நசுங்குனதை எடுக்க மாட்டான். அதுல ஒண்ணு உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். எஞ்சின்ல இடிச்சது."

தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி எண்ணெய் தடவிய கத்தியோடு வாசலுக்கு வந்து, "படகு எப்படி ஓடுச்சு?" என்றார். நான் பழத்தை இறக்கி வைத்துவிட்டு, கழுத்துக்குத் தைலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.