சிம்னிப் பக்கம் வராத வானவில்

வானவில்லைப் பற்றி எனக்குத் தெரியாததே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்க வேண்டும். மழை எதிரே பெய்ய வேண்டும். துளிக்குள் நுழைகிற வெளிச்சம் வளைந்து, உள்ளே பட்டுத் திரும்பி, வெளியே வரும்போது நிறம் நிறமாகப் பிரிந்துவிடும். நம் நிழல் விழுகிற பக்கம்தான் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் தேடினால் கழுத்துவலிதான் மிச்சம்.

அவளோ ஒரு வானவில்லைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவாள். "பேசிக்கினே இருக்கீங்களே, ஒண்ணைக் காட்டுங்க பாக்கலாம்" என்பாள். சாயங்கால மழை வரும்போதெல்லாம் நான் சுரங்கத்தில் செகண்ட் ஷிப்டில் இருப்பேன். இதைக்கூடக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

போன ஐப்பசியில், என் வார லீவு நாளில், நாலரை மணிக்கு வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தன. அவளை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"சாயங்காலம்னா சிம்னிப் பக்கம்தான் வரும். அங்கயே பாரு."

எங்கள் டவுன்ஷிப்பில் கிழக்கு மேற்கு யார் பார்க்கிறார்கள்? மின்நிலையத்தின் சிம்னிதான் எங்களுக்குத் திசை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, கண் கூசக் கூச அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் சத்தமே இல்லை. துணி எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்னுதானே சொல்லுவீங்க?"

"ஆமா."

"அப்ப உங்க மூஞ்சில என்னாத்துக்கு வெயில் அடிக்குது?"

அப்போதுதான் உறைத்தது. இருபது வருடம் இருந்த குவார்ட்டர்ஸில் சிம்னி கிழக்கே தெரியும். அதற்கு முந்தின மாதம்தான் வேறு பிளாக்குக்கு மாறி வந்திருந்தோம். இங்கிருந்து தெரிவது வேறொரு சிம்னி. அது மேற்கே நிற்கிறது.

சட்டென்று திரும்பினேன். கிழக்கே வில்லின் ஒரு கால் மட்டும் வெளிறிப்போய்க் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொடியில் துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கத்தை மீறி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"முழுசா இருந்துச்சுங்க, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். உங்க நிழல் விழுந்த பக்கம் திரும்பிப் பாத்தேன்."

"அப்பவே என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டா பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவீங்க," என்றாள். "நான் எப்ப பாக்கறது?"