கடைசி ரீல் முதலில் ஓடிய மேட்னி

நேற்று மகள் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அந்தக் காலத்து லண்டன் போலீசுக்கு சைரன் கிடையாது, மணிதான். சட்டென்று கைப்பேசியை வாங்கி அணைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எழுபதுகளில், மலேசியாவில், பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் எனக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை. சீருடை போட்டதும் மானேஜர் என்ற நினைப்பு வேறு. அங்கே ஒரு படத்தின் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும். மற்றதில் ஓடி முடிந்த ரீல் மோட்டார் சைக்கிளில் எங்களிடம் வரும்.

அன்று மேட்னிக்கு அண்ணனை நான்தான் இழுத்து வந்தேன். துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிடங்கில் திருடிய சரக்கை ஏற்றிப் போக ஒரு கூட்டம் அவரைப் பிடித்திருந்தது. படத்துக்கு வருவதை அவர் சொல்லிவிட்டதால், ஐந்து மணிக்குத் தியேட்டர் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்களாம். பிடிபட்டால் அண்ணியும் கைக்குழந்தையும் நடுத்தெருவில்தான்.

"வேணாம்ணே."

"ஒரு தடவதான்லா தம்பி. ஓட்டுறது மட்டுந்தான் என் வேல."

அன்று ஓடிய இங்கிலீஷ் படத்திலும் ஒரு லோரிக்காரன், கையில் காசில்லாதவன். பாதியில் படம் நின்றது. மழையில் ரீல் வரவில்லை. சனம் நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு பெட்டிகள் சேர்ந்து வர, ஆப்பரேட்டர் பதற்றத்தில் கடைசி ரீலை முதலில் மாட்டிவிட்டார். மணியடித்துக்கொண்டு போலீஸ் வந்தது. மனைவி கண்ணெதிரே லோரிக்காரனை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் விட்டுப்போன ரீல் ஓடியது. அதே ஆள் தேநீர்க்கடையில் சிரித்தபடி, திருட்டுக்குச் சரி என்று தலையாட்டினான்.

வேறு நாளாக இருந்தால் "வோய், ஆப்பரேட்டர்!" என்று கூரை பறந்திருக்கும். அன்று ஒரு சத்தமில்லை. அவன் சிரித்துக்கொண்டேயிருந்தான்.

"அவனுக்கு இன்னும் தெரியலடா," என்றார் அண்ணன்.

வெளியே ஹாரன். அண்ணன் எழுந்தார். சட்டையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டுக் கதவு வரை போய் நின்றார். மறுபடியும் ஹாரன், நீளமாக.

"பின்னால வழி இருக்காடா?"

கழிவறைப் பக்கத்துச் சந்து வழியாக அனுப்பிவைத்தேன். அந்தக் கூட்டம் சும்மா விடவில்லை. மறுவாரம் உதடு கிழிந்து, ஒரு முன்பல் போய் வந்தார். ஆனால் வீட்டுக்கு வந்தார்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். போகட்டும். அண்ணன் கடைசி வரை அந்தப் பல்லைக் கட்டவேயில்லை. போன வருஷம் அவரும் போய்விட்டார். அந்த ஓட்டைப் பல் சிரிப்பு இல்லாத வீட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் மனம் வரவில்லை.